என்கே செல், புற்றுநோய், ஒரு லேப்டாப்: ப்ராஜெக்டுக்கு எந்த வழியை எடுப்பது?

மார்கழி பிறந்தால் போதும், பாளையங்கோட்டையிலிருந்தும் அபிஷேகப்பட்டியிலிருந்தும் ஒரே கேள்வி எனக்கு வர ஆரம்பித்துவிடும். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர், தலைப்பு புற்றுநோயும் என்கே செல்லும் (புற்றைக் கொல்கிற ஒரு வகை வெள்ளணு), ஆய்வகத்தில் செல் வளர்க்க வசதி கிடையாது, கையில் 8 ஜிபி லேப்டாப். இந்த வருஷம் முதலில் கேட்டவள் முக்கூடல் பக்கத்துப் பிள்ளை. அம்மா பீடி சுற்றித்தான் படிக்க வைக்கிறார், தாத்தா வாய்ப்புற்றில் போனவர். "கைடு டாக்கிங் பண்ணச் சொல்லுதாவ, சீனியர் அக்கா டிசிஜிஏ எடுன்னு சொல்லுதாவ, யூடியூப்ல பாத்தா எல்லாரும் சிங்கிள் செல்லுன்னுதான் சொல்லுதாவ. நான் எதைக்கா எடுக்க?"

டாக்கிங் என்றால் ஒரு சின்ன மூலக்கூறு புரதத்தில் எப்படி உட்காரும் என்று கணினியில் பார்ப்பது, டிசிஜிஏ என்பது பொதுவெளியில் இருக்கிற புற்றுநோய் டேட்டா, சிங்கிள் செல் என்பது ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்த டேட்டா. அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இதே இடத்தில் நிற்கிற பிள்ளைகள் நிறைய, எல்லோருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்ல முடிவதில்லை.

முதலில் அந்தச் செல்லைப் பற்றி

1975ல் ஸ்வீடனில் ரோல்ஃப் கீஸ்லிங் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மன் குழுவும் எலிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். முன்பின் பார்த்தே இராத புற்றுச் செல்லைக்கூட சில வெள்ளணுக்கள் கொன்றுவிடுகின்றன. பழக்கம் வேண்டாம், பயிற்சி வேண்டாம். அதனால்தான் இயற்கைக் கொல்லி (நேச்சுரல் கில்லர், சுருக்கமாக என்கே) என்று பெயர். எதை வைத்துக் கொல்கின்றன என்பதற்கு 1986ல் கிளாஸ் கார்ரே குழு ஒரு விடை கொடுத்தது: ஒரு செல் தன் மேல் காட்ட வேண்டிய எம்எச்சி அடையாளம் (மனிதரில் எச்எல்ஏ) காணாமல் போனால், என்கே செல்லுக்கு அதுவே சந்தேகம். புற்றுச் செல் டி செல்லிடமிருந்து (இன்னொரு வகை வெள்ளணு) தப்பிக்க எச்எல்ஏவை மறைக்கும், மறைத்தால் என்கே கண்ணில் படும். இரண்டு பக்கமும் அடைப்பு.

சொல்ல எளிது, உடம்புக்குள் நடப்பது அவ்வளவு சுத்தமாக இல்லை. என்கே செல்லின் மேல் இருக்கிற கேஐஆர், என்கேஜி2ஏ போன்ற ரிசெப்டார்கள் (உணர்விகள்) "விடு" என்கும், என்கேஜி2டி, என்கேபி46, சிடி16 "அடி" என்கும், செல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். கட்டியும் சும்மா இருப்பதில்லை. என்கேஜி2டி பிடிக்கிற மைக்ஏ என்ற புரதத்தை வெட்டி வெளியே உதிர்த்துவிடும்.

நமக்கு, அதாவது கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ரத்தத்தின் லிம்ஃபோசைட்டுகளில் என்கே செல் 5 முதல் 15 சதவீதம்தான், திடக்கட்டிக்குள் பெரும்பாலும் அதற்கும் குறைவு. அந்தக் கொஞ்சமும் சிடி8 டி செல்லோடு (கொல்லும் டி செல்) ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். என்கேஜி7, ஜிஎன்எல்ஒய், பெர்ஃபோரின், கிரான்சைம் பி என்று "என்கே ஜீன்" பட்டியலில் நீங்கள் பார்க்கிற பாதிப் பெயர்கள் கொல்லும் டி செல்லிலும் அப்படியே எழும் (அதாவது அந்த ஜீன் வேலை செய்யும்). நீங்கள் எந்த வழியில் போனாலும் இந்தக் குழப்பம்தான் வாசலில் நிற்கும். இதை எப்படித் தாண்டுகிறது என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

ஒன்று, மேலே சொன்னது: அந்த வழியில் என்கே செல் தனியாகத் தெரிகிறதா, அல்லது டி செல்லின் நிழலைப் பார்த்து என்கே என்கிறோமா. இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

அடுத்து, எத்தனை நோயாளிகள். செல் எத்தனை என்பது இல்லை, மனிதர் எத்தனை பேர் என்பது. மூன்றாவது உங்கள் லேப்டாப், உங்கள் நாலைந்து மாதம், உங்களுக்குத் தெரிந்த ப்ரோக்ராமிங். நாலாவதை யாரும் கேட்பதில்லை: கிடைத்த விடை தப்பாக இருந்தால் அது தப்பு என்று கண்டுபிடிக்க அந்த முறைக்குள்ளேயே வழி இருக்கிறதா? இல்லாவிட்டால் வைவாவில் கேள்வி வரும்போது கையில் படம் இருக்கும், பதில் இருக்காது.

இன்னொன்றையும் சேர்க்கிறேன், இது என் சொந்த ஆசை. நம் பக்கத்துப் புற்றுநோய்க்கு அது ஏதாவது சொல்லுமா? புகையிலை மெல்வதும் பீடி குடிப்பதும் இருக்கிற ஊரில் வாய்ப்புற்று தூரத்து விஷயம் இல்லை. தலை-கழுத்துப் புற்றை எடுத்தால் என்கே ஆராய்ச்சிக்கும் நல்ல காரணம் உண்டு. செடுக்ஸிமாப் என்ற மருந்து அந்தப் புற்றுக்குக் கொடுக்கப்படுகிறது, அது வேலை செய்கிற வழிகளில் ஒன்று, என்கே செல்லின் சிடி16ஐக் கூப்பிட்டுக் கட்டிமேல் ஏவிவிடுவது.

வழி 1: டிசிஜிஏ, மொத்த ஆர்என்ஏ டேட்டா

அமெரிக்காவில் 2006ல் தொடங்கிய டிசிஜிஏ 33 வகைப் புற்று, 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் என்று சேர்த்து வைத்திருக்கிறது. தலை-கழுத்துப் புற்று மட்டும் ஐந்நூறு பேருக்குக் கொஞ்சம் கூட. யூசிஎஸ்சி ஸீனா என்ற இணையதளத்தில் சரிசெய்த எக்ஸ்பிரஷன் அட்டவணை (எந்த ஜீன் எவ்வளவு எழுந்தது என்பது) கிடைக்கும், ஆர் என்ற ப்ரோக்ராமிங் மொழி தெரிந்தால் போதும், 8 ஜிபி லேப்டாப் தாராளமாகத் தாங்கும். கட்டித் துண்டை மொத்தமாக அரைத்து எடுத்த ஆர்என்ஏவிலிருந்து எந்தச் செல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல சைபர்சார்ட், எம்சிபி-கவுண்டர், எக்ஸ்செல், எபிக், குவான்டிசெக் என்று கருவிகள் வரிசையாக இருக்கின்றன. சாம்பாரை ருசி பார்த்து அதில் எத்தனை வெண்டைக்காய் போட்டிருக்கிறது என்று சொல்கிற மாதிரி வேலை இது. வெண்டைக்காய் நிறைய இருந்தால் சொல்லிவிடலாம். என்கே செல் பெருங்காயம் அளவுதான்.

நோயாளி எண்ணிக்கையில் இதை அடிக்க ஆள் இல்லை. எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள் என்ற தகவலும் கூடவே வருகிறது. இரண்டு வாரத்தில் முதல் படம் கையில் வந்துவிடும், அதுதான் ஆபத்தும்.

என் பி.எச்டி. முதல் வருஷத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என்கே ஸ்கோர் அதிகம் உள்ளவர்கள், குறைவாக உள்ளவர்கள் என்று இரண்டாகப் பிரித்து கப்லான்-மையர் (யார் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்ற கோட்டுப் படம்) வரைந்தேன். சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஆரம்பத்திலேயே பிரிந்து கடைசி வரை சேரவே இல்லை, பி மதிப்பும் நன்றாக இருந்தது. இரண்டு மாதம் அதைச் சுற்றியே எழுதினேன். லேப் மீட்டிங்கில் ஒரு சீனியர் கேட்டார்: "இதே காக்ஸ் மாடலில் சிடி8 ஸ்கோரையும் போட்டுப் பார்த்தியா?" காக்ஸ் என்பது பல காரணங்களை ஒன்றாக வைத்து உயிர்வாழும் காலத்தைக் கணக்கிடுகிற முறை. அன்று சாயங்காலமே போட்டேன். என்கே காணாமல் போய்விட்டது. என் கோடு பிரிந்தது என்கே செல்லால் இல்லை, கட்டிக்குள் எதிர்ப்பு செல்கள் மொத்தமாக அதிகம் வந்திருந்ததால். என்கே ஸ்கோரும் சிடி8 ஸ்கோரும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கியிருக்கின்றன, நான் ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கிற செலவு அதுதான். சைபர்சார்ட்டின் எல்எம்22 அட்டவணை 547 ஜீன், 22 செல் வகை கொண்டது, அதில் "ஓய்வு என்கே", "தூண்டிய என்கே" என்று இரண்டு வரிசை உண்டு. பார்த்ததும் ஆசையாக இருக்கும். ஆனால் அந்த அட்டவணை மைக்ரோஅரே என்ற பழைய அளவீட்டு முறையின் டேட்டாவிலிருந்து கட்டியது, தூண்டிய என்கே என்பதும் ஆய்வகத்தில் தூண்டிய செல். வாய்க்குள் புகையிலைக் காயத்துக்கு நடுவே ஆக்ஸிஜன் இல்லாமல் கிடக்கிற என்கே செல் அந்த மாதிரி இருக்கும் என்று யார் சொன்னது? எம்சிபி-கவுண்டர் ஸ்கோரை ஒரு நோயாளிக்கும் இன்னொரு நோயாளிக்கும் ஒப்பிடலாம், ஒரே நோயாளியில் என்கேயையும் பி செல்லையும் ஒப்பிடக் கூடாது. இதைக் கவனிக்காமல் அடுக்குப் பட்டைப் படம் போட்டுக் கொண்டுவருகிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

தலை-கழுத்தில் இன்னொரு கண்ணி, எச்பிவி என்ற வைரஸ். எச்பிவியால் தொண்டையில் வருகிற புற்று எதிர்ப்பு செல் நிறைந்தது, நோயாளிகளும் கூடுதல் காலம் இருப்பார்கள். அதைப் பிரிக்காமல் என்கே பற்றி எதைச் சொன்னாலும் எச்பிவியைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம். நம் பக்கம் கன்னத்து உட்புறத்திலும் ஈறிலும் வருவது வேறு வகை. அதற்கு இந்தியக் குழுவே 2013ல் மரபணு மாற்றப் பட்டியல் கொண்டுவந்திருக்கிறது. டிசிஜிஏவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையர்கள் என்பதை உங்கள் முடிவுரையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

இந்த வழி யாருக்கு? கேள்வி உயிர்வாழும் காலத்தைப் பற்றியது, ஆர் ஓரளவு தெரியும், புள்ளியியல் சொல்லிக்கொடுக்க ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால் எடுக்கலாம். சிடி8, எச்பிவி, வயது, நோயின் கட்டம் எல்லாவற்றையும் மாடலில் வைத்த பிறகும் என்கே நின்றால் அது செய்தி. நிற்காவிட்டால் அதுவும் செய்திதான், தைரியமாக எழுதுங்கள்.

வழி 2: சிங்கிள் செல்

நான் நேரம் செலவழிக்கச் சொல்கிற இடம் இது. அரைத்த சாம்பார் இல்லை, காய் காயாகத் தட்டில். ஒவ்வொரு செல்லுக்கும் தனியாக ஆர்என்ஏ எண்ணிக்கை. ஆகவே என்கே செல்லை என்கே செல்லாகவே பார்க்கலாம், டி செல் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். என் முதல் அளவுகோலில் இதற்குப் பக்கத்தில் வேறெதுவும் வருவதில்லை.

2023ல் செல் இதழில் வந்த ஒரு பெரிய வேலை 24 வகைப் புற்று, 716 நோயாளிகளின் என்கே செல்களை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்தது. கட்டிக்குள் மட்டும் மிகுந்திருக்கிற, கொல்லும் திறன் மங்கிய ஒரு கூட்டத்தைக் காட்டியது, அதன் அடையாளம் டிஎன்ஏஜேபி1 என்ற ஜீன். 2024ல் எரிக் விவியே குழு ரத்த என்கே செல்களை என்கே1, என்கே2, என்கே3 என்று மூன்றாக வகுத்தது. இந்த வேலைகளின் டேட்டா பெரும்பாலும் பொதுவெளியில் இருக்கிறது. நீங்கள் புதிதாக ஒரு சாம்பிளும் எடுக்க வேண்டாம்.

தலை-கழுத்துக்கு நான் சொல்வது 2020ல் இம்யூனிட்டி இதழில் வந்த டேட்டா. சிடி45 உள்ள செல்களை (அதாவது வெள்ளணுக்களை) மட்டும் பிரித்தெடுத்தது, 26 நோயாளிகள், கட்டியும் ரத்தமும் சேர்த்து, ஒரு லட்சத்துக்கு மேல் செல். 2017ல் வந்த 18 நோயாளி டேட்டா பிரபலமானது, எல்லோரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். நல்ல டேட்டாதான், ஆனால் மொத்தமே ஏறத்தாழ 6,000 செல், அதில் புற்றுச் செல், நார்ச் செல் எல்லாம் போக என்கே எத்தனை மிஞ்சும்? விரலை மடக்குகிற எண்ணிக்கையை வைத்துக் கதை சொல்ல முடியாது.

இப்போது செலவுக் கணக்கு. லட்சம் செல்லை 8 ஜிபி லேப்டாப்பில் சூராட் என்ற ஆர் கருவியில் திறந்தால் திரை உறையும், பிறகு மூடிக்கொள்ளும். கூகுளின் இணையக் கணினியான இலவசக் கோலாப் சுமார் 12 ஜிபி தரும், அதில் ஸ்கேன்பை என்ற பைத்தான் கருவி ஓடும். நடுவில் தொடர்பு அறுந்தால் எல்லாம் முதலிலிருந்து. சித்திரை வெயிலில் மதியம் கரண்ட் போவதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு படி முடிந்ததும் டிரைவில் சேமியுங்கள். முதல் கிளஸ்டரிங் (ஒத்த செல்களைக் கூட்டமாகப் பிரிப்பது) ஆனதும் டி செல், என்கே செல் கூட்டங்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதை ஓரம் வையுங்கள், அதற்கு அப்புறம் லேப்டாப்பே போதும்.

டேட்டா இறங்கி, சுத்தம் செய்து, இரட்டைச் செல்களை ஸ்க்ரப்லெட்டில் விலக்கி, நோயாளிக்கு நோயாளி வித்தியாசத்தை ஹார்மனியில் சமன் செய்வதற்குள் ஒன்றரை மாதம் போய்விடும். இதைக் கைடிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் ரெவ்யூவில் காட்ட ஒன்றும் இருக்காது.

அதன் பிறகு வருவதுதான் உண்மையான வேலை. புத்தகத்தில் என்கே என்றால் சிடி56 என்று படித்திருப்போம், உடனே என்கேம்1 ஜீனைத் தேடுவோம். யூமேப் (ஒவ்வொரு செல்லையும் புள்ளியாகப் போட்ட படம்) முழுக்க சாம்பல் நிறமாக இருக்கும். பயப்பட வேண்டாம், செல்லின் மேல் புரதம் நிறைய இருந்தாலும் அந்த ஆர்என்ஏ சிங்கிள் செல்லில் சரியாகப் பிடிபடாது. கேஎல்ஆர்எஃப்1, என்சிஆர்1, எஸ்எச்2டி1பி இவற்றைப் பாருங்கள். சிடி16க்கான எஃப்சிஜிஆர்3ஏ எரிகிறதே என்று மகிழ்ந்தால் ஒரு வகை மோனோசைட்டிலும் அது எரியும். என்கே என்று பெயர் வைக்கும் முன் சிடி3டி, சிடி3ஜி, டிஆர்ஏசி மூன்றும் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிடி3இ மட்டும் லேசாக இருந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள், தூண்டப்பட்ட என்கே செல்லில் அது கொஞ்சம் வரும். காமா-டெல்டா டி செல் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, என்கே உடையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். டிஆர்டிசியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது என்கே செல்லிலும் எழும், சிடி3டி, சிடி3ஜியோடு சேர்த்துப் பாருங்கள். கேஐஆர் ஜீன்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்திருப்பதால் ரீட் (இயந்திரம் படித்த ஆர்என்ஏ துண்டு) எந்த ஜீனுக்குச் சேரும் என்பதே தகராறு.

டிஎன்ஏஜேபி1, எச்எஸ்பிஏ1ஏ போன்ற வெப்ப அதிர்ச்சி ஜீன்கள் உங்கள் டேட்டாவிலும் எழும். கட்டியை நொதி போட்டு 37 டிகிரியில் பிரித்தெடுக்கும்போதே இந்த மாதிரி ஜீன்கள் எழும் என்று 2017லேயே எலித் தசைச் செல்லில் காட்டியிருக்கிறார்கள். அதனால் "கட்டிக்குள் சோர்ந்த என்கே கிடைத்தது" என்று எழுதும் முன், அதே நோயாளியின் டி செல்லிலும் மோனோசைட்டிலும் அந்த ஜீன்கள் அதே அளவு ஏறியிருக்கிறதா பாருங்கள். எல்லாச் செல்லிலும் ஏறியிருந்தால் அது கட்டியின் வேலை இல்லை, நொதியின் வேலை. பார்த்தீர்களா, தப்பைப் பிடிக்க இந்த முறைக்குள்ளேயே வழி இருக்கிறது. என் நாலாவது அளவுகோலிலும் இது தேறுகிறது.

புள்ளியியலில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் ரொம்பப் பெரியது. பத்தாயிரம் செல் இருந்தால் பத்தாயிரம் சாம்பிள் இல்லை. இருபது நோயாளி என்றால் இருபதுதான். செல் செல்லாக வில்காக்சன் என்ற ஒப்பீட்டுச் சோதனை போட்டால் பி மதிப்பு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதில் பாதி பொய். நோயாளிவாரியாகச் செல்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

வழி 3: கணித மாடல்

இங்கே பலரும் எட்டிப் பார்ப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் நம் ஊர்க் கல்லூரிகளில் கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாகப் படித்துவிட்டு உயிரியல் பக்கம் வர ஆசைப்படுகிற பிள்ளைகள் நிறைய.

2005ல் லிசெட் டி பில்லிஸ் குழு கேன்சர் ரிசர்ச் இதழில் வெளியிட்ட மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி எவ்வளவு, என்கே எவ்வளவு, சிடி8 எவ்வளவு என்று மூன்று வகைக்கெழுச் சமன்பாடு. அதில் எனக்குப் பிடித்தது, என்கே கொல்வதையும் சிடி8 கொல்வதையும் இரண்டு வேறு வடிவத்தில் எழுதியிருப்பார்கள். என்கேக்கு வெறும் பெருக்கல், சிடி8க்கு கட்டிச் செல்லுக்கு எத்தனை டி செல் என்ற விகிதம். டேட்டா இரண்டுக்கும் அப்படித்தான் பொருந்தியது. மற்ற வழிகளில் பிரிக்க முடியாமல் தவிக்கிற இரண்டு செல்லையும் இங்கே காகிதத்திலேயே பிரித்துவிடுகிறோம். ஆனால் அது நாம் பிரித்தது, கட்டி பிரித்துக் காட்டியது இல்லை, இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

பைத்தானில் சைபை இருந்தால் போதும், எந்த லேப்டாப்பிலும் ஓடும். செல் செல்லாக நகர்த்திப் பார்க்க வேண்டுமென்றால் பிசிசெல், கம்ப்யூசெல்3டி இலவசம். செலவு வேறு இடத்தில்: எண்கள். கொல்லும் வேகம், இறக்கும் வேகம், ஊடுருவும் வேகம், எல்லாவற்றுக்கும் மதிப்பு வேண்டும், பாதி எலியிலிருந்து வரும், பாதி தட்டில் வளர்த்த செல்லிலிருந்து வரும். ரத்த என்கே செல் சுமார் இரண்டு வாரத்தில் மாறிவிடுகிறது என்பது மனிதரில் அளந்தது, அந்த மாதிரி உறுதியான எண் கொஞ்சம்தான். மற்றதை மாற்றி மாற்றிப் போட்டு விடை எவ்வளவு ஆடுகிறது என்று காட்டத் தெரியாவிட்டால் இந்த வழியில் போகாதீர்கள். அப்புறம், உயிரியல் துறை வைவாவில் "இதை லேபில் நிரூபித்தீர்களா" என்று கேட்பார்கள், பதிலைத் தயார் செய்து கொண்டு போங்கள்.

இது சிறந்த தேர்வாகிற இடம்: "எவ்வளவு, எப்போது" என்ற கேள்வி. சிஏஆர்-என்கே சிகிச்சையை (புற்றைக் குறிவைக்க ஒரு செயற்கை ரிசெப்டார் பொருத்திய என்கே செல்லைக் கொடுப்பது) நினையுங்கள். 2020ல் வந்த முதல் அறிக்கையில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து செய்த செல்களை ரத்தப் புற்று நோயாளிகள் 11 பேருக்குக் கொடுத்தார்கள், 8 பேருக்கு நோய் அடங்கியது, சிஏஆர்-டி சிகிச்சையில் பயப்படுகிற சைட்டோகைன் புயல் யாருக்கும் வரவில்லை. அதே செல்லைத் திடக்கட்டிக்குக் கொடுத்தால் ஒரே ஊசி போதுமா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமா, கட்டி எந்த அளவு வளர்ந்துவிட்டால் கை மீறும்? டிசிஜிஏ இதற்குப் பதில் சொல்லாது, சிங்கிள் செல்லும் சொல்லாது.

வழி 4: டாக்கிங்

நம் பக்கம் ப்ராஜெக்ட் என்றாலே இதுதான். நிலவேம்பு, சீந்தில் கொடியிலிருந்து பத்து மூலக்கூறு, ஒரு ரிசெப்டார், ஆட்டோடாக் வினா, ஒரு அட்டவணை. ஒரு மாதத்தில் முடியும், கைடுக்கும் பழக்கமான வழி. அவர்கள் மேல் தப்புச் சொல்லவில்லை, இன்டர்நெட் ஒழுங்காக இல்லாத காலத்தில் பிள்ளைகளுக்குக் கணினி உயிரியலைக் கையில் கொடுத்தது இந்த வழிதான்.

ஆனால் என்கே செல்லுக்கு இது பொருந்தவில்லை என்பது என் கருத்து. என்கே முடிவெடுப்பது புரதமும் புரதமும் தொட்டுக்கொள்கிற அகலமான தட்டைப் பரப்பில், சின்ன மூலக்கூறு போய் உட்கார அங்கே ஆழமான குழி பெரும்பாலும் இல்லை. வினா எதைக் கொடுத்தாலும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். மைனஸ் எட்டு வந்தால் அது என்கே செல்லை எழுப்புமா, தூங்க வைக்குமா, ஒன்றும் செய்யாதா என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. தப்பைப் பிடிக்க வழி இல்லாத முறை என்று நான் சொன்னது இதைத்தான். பிணைப்பு நன்றாகவே இருந்தாலும் நோயாளிக்கு நேரே பலன் வரும் என்றில்லை. என்கேஜி2ஏயை அடைக்கிற மோனலிசுமாப் ஆன்டிபாடி தன் இலக்கைச் சரியாகவே பிடிக்கும், இருந்தும் தலை-கழுத்துப் புற்றில் செடுக்ஸிமாபோடு சேர்த்துச் செய்த மூன்றாம் கட்டச் சோதனை பலனில்லை என்று 2022ல் நிறுத்தப்பட்டது.

கட்டாயம் கட்டமைப்பு வழியில்தான் போக வேண்டும் என்றால் கேள்வியை மாற்றுங்கள். என்கேஜி2டியும் மைக்ஏயும் பிடித்துக்கொண்டிருக்கிற படிக அமைப்பு 2001லிருந்தே பிடிபி என்ற புரத அமைப்புக் களஞ்சியத்தில் 1எச்ஒய்ஆர் என்ற பெயரில் இருக்கிறது. மைக்ஏயில் 129ஆம் இடத்தில் மெத்தியோனின் இருந்தால் பிடிப்பு வலுக்கும், வேலின் இருந்தால் தளரும், இது சோதனையில் தெரிந்த விஷயம். உங்கள் சிமுலேஷன் அதைத் திருப்பிக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள், காட்டினால் அடுத்த மாற்றங்களுக்குப் போங்கள். இதற்கு க்ரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் ஓட ஜிபியு வேண்டும், லேப்டாப் காணாது. துறையில் கிளஸ்டர் இருந்து, அதில் உங்களுக்கு நேரம் ஒதுக்கித் தருவார்கள் என்றால் மட்டும்.

கேஐஆர் வகை பார்க்கலாமா?

ஆளுக்கு ஆள் கேஐஆர் ஜீன்களின் எண்ணிக்கையே மாறும், இந்திய மக்களுக்கு இது முக்கியமான கேள்வி, ஆசைப்படுவது சரிதான். ஆனால் மூல ரீட் வேண்டும், அது அனுமதி வாங்கித்தான் கிடைக்கும், நிறுவனம் கையெழுத்துப் போட வேண்டும். பி.எச்டி.க்கு எடுங்கள். ஒரு செமஸ்டருக்கு வேண்டாம்.

ஒரே பார்வையில்

| | என்கே தனியாகத் தெரியுமா | நோயாளிகள் | லேப்டாப் போதுமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| டிசிஜிஏ | மங்கலாக | நூற்றுக்கணக்கில் | போதும் | சிடி8, எச்பிவி கலப்பு |
| சிங்கிள் செல் | தெளிவாக | பத்து, இருபது | பாதி வேலைக்குக் கோலாப் வேண்டும் | முதல் ஒன்றரை மாதம் |
| கணித மாடல் | நாமே பிரிக்கிறோம் | இல்லை | தாராளம் | எண்களைத் தேடுவது |
| டாக்கிங் | செல்லே இல்லை | இல்லை | டாக்கிங்குக்குப் போதும், சிமுலேஷனுக்குக் காணாது | சரிபார்க்க வழி இல்லை |

சரி, எதை எடுப்பது

பயோஇன்ஃபர்மேடிக்ஸ் மாணவர், நாலைந்து மாதம், பைத்தானோ ஆரோ ஓரளவு தெரியும் என்றால் சிங்கிள் செல் எடுங்கள். ஒரே ஒரு புற்று, ஒரே ஒரு டேட்டா, ஒரே ஒரு கேள்வி. உதாரணத்துக்கு, அதே நோயாளியின் ரத்த என்கேயும் கட்டி என்கேயும் எதில் வேறுபடுகின்றன. கடைசி மாதம் மிச்சம் இருந்தால், கட்டி என்கேயில் மட்டும் எழுந்து டி செல்லில் எழாத ஜீன்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு டிசிஜிஏவுக்குப் போங்கள். சிடி8 ஸ்கோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சோதியுங்கள். நான் பி.எச்டி.யில் தலைகீழாகச் செய்தது இதைத்தான்.

கோடிங் இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் டிசிஜிஏ. கணிதம் கைவசம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மூன்றாவது. கைடு டாக்கிங்கிலிருந்து நகரவே மாட்டார் என்றால் சண்டை போடாதீர்கள், 129ஆம் இடத்துக் கேள்வியைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சிங்கிள் செல் எடுத்தால் முதல் வாரமே ஒரு கணக்கு பார்த்துவிடுங்கள்: ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலும் சுத்தமான என்கே எத்தனை? பாதிப் பேரிடம் இருபது செல்கூட இல்லை என்றால் அந்த டேட்டாவை விட்டுவிட்டு வேறு பாருங்கள். முதல் வாரத்தில் விடுவது வலிக்காது, மூன்றாம் மாதத்தில் வலிக்கும்.

முக்கூடல் பிள்ளை கைடிடம் பேசி சிங்கிள் செல்லே வாங்கிவிட்டாள். பொங்கல் லீவில் ஊரில் சிக்னல் இல்லை என்று வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து டேட்டா இறக்கியிருக்கிறாள். நேற்று ராத்திரி பத்தரைக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். என்கே கிளஸ்டர் முழுக்க கேஎல்ஆர்எஃப்1 ஊதா நிறத்தில், வலது ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்கு டிஆர்ஏசி எரிந்துகொண்டிருந்தது.

"இந்த ஓரத்தை வெட்டிரட்டாக்கா?"

"வெட்டாதே. அந்தச் செல் எல்லாம் ஒரே நோயாளியிடமிருந்து வருதா, எல்லோரிடமிருந்தும் வருதா, முதல்ல அதை எண்ணிச் சொல்லு" என்று பதில் போட்டிருக்கிறேன்.